அத்தை கை வைத்த பரீட்சை

எங்கள் கம்பெனியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. பேட்டை தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் எங்களுடையது. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் அப்பளமும் வற்றலும் மூட்டையாக உள்ளே வந்து, பெட்டியாகி, தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும். சித்திரை மாதத்தில் அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து இன்வாய்ஸ் அடித்தவர்களுக்குத்தான் கண்ணாடி அறையின் அருமை தெரியும். உள்ளே ஏ.சி. உண்டு, சுழல் நாற்காலி உண்டு, கதவைச் சாத்திவிட்டால் பேக்கிங் மெஷின் சத்தம் கேட்காது. பழைய மேனேஜர் போன பிறகு அது பூட்டியே கிடந்தது. அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு கோடை முழுக்க அதில் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே, தகரத்துக்கு அடியில். வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் கோடையைத்தான் காட்டுவேன்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் பெண்டாட்டி. என்னைவிட ரொம்பச் சின்னவள். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றுப் பாசன ஊர், வயல் வேலை பார்க்கும் குடும்பம், அந்த வீட்டில் முதலில் பி.காம். படித்தவள் அவள். கொழுந்தன் காதலித்துக் கட்டிக்கொண்டான். நாங்கள் பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம், அவர்கள் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு சரியாகிவிட்டது. வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நானே கூட்டிக்கொண்டு போய் முதலாளி அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன், வேறு என்ன சொல்ல.

துபாயில் எங்கள் சரக்கை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள் ஒருநாள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஏற்றுமதிக் காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறவர் பன்னாட்டு வணிக விதிகளில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவராக இருக்க வேண்டும். அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“படிச்சவுக நீங்க ரெண்டு பேருதான் இங்கன இருக்கிய. எழுதுங்க. பாஸ் ஆவுதவ கண்ணாடி ரூம்புக்குள்ள போயி உக்காரட்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீதாம்மா மூத்தவ. ரெண்டு பேரும் பாஸ் ஆனா நாற்காலி ஒனக்குத்தான்” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பாடம் லேசுப்பட்டதில்லை. உலகத்தில் விற்கிற ஒவ்வொரு பொருளையும் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் வரி, அனுமதி, தடை எல்லாம். எண் தப்பினால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். எந்த நாட்டில் உண்டான பொருள், யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாது, கப்பலில் ஏறும்வரை யார் பொறுப்பு, ஏறிய பிறகு யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாகப் போகும். எல்லாம் இங்கிலீஷ். ஆனால் வேலையில் கைபழகியவளுக்குப் பாதி புரிந்துவிடும். கரும்புச் சர்க்கரைக்கு ஒரு எண், பனங்கருப்பட்டிக்கு வேறு எண். எங்கள் ஊரிலோ சீனிக் கருப்பட்டி என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. சீனியோடு கொஞ்சம் கருப்பட்டியும் கலந்து காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டி மாதிரியே கவிழ்த்து எடுப்பார்கள். அதைக் கருப்பட்டி என்று எழுதி அனுப்பினால் மாட்டிக்கொள்வோம். உடைத்து நாக்கில் வைத்தால் அசல் கருப்பட்டி லேசாகக் கரிக்கும். அதை அவளுக்கு நாக்கில் வைத்துக் காட்டியவள் நான்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். பாளையங்கோட்டையிலிருந்து பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் பஸ் நிற்கிற நிற்பில் ஒரு பாடமே முடிந்துவிடும். அவளுக்குக் குறும்பும் உண்டு.

“யக்கா, அத்தைய எந்த அத்தியாயத்துல போடலாம்?”

“அது அனுமதி இல்லாம அசைக்கக் கூடாத சரக்கு. சோலியப் பாரு.”

அப்போது சிரித்தோம். பொறாமை எல்லாம் பிறகு வந்தது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியார் ஜெபக்காரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தலையில் கை வைத்து ஜெபிப்பார். மகன் கோர்ட்டு வேலையாக மதுரைக்குப் போகிறான் என்றால் தலையில் கை. புது மிக்சி வந்தபோது அதன் மேலும் கை வைத்து ஜெபித்த பிறகுதான் சட்னி அரைக்க விட்டார். காஸ் சிலிண்டருக்கும் அப்படியே. சிலிண்டர்காரப் பையன் வாசலில் ஆமென் வரைக்கும் காத்து நிற்பான். எங்கள் வீட்டில் தலையில் கை விழுந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். நானும் கோயில் வீட்டில் பிறந்தவள்தான், தொட்டில் பழக்கம்.

தேர்வு வீட்டிலிருந்தே எழுதுவது. லேப்டாப் கேமரா வழியாக எங்கோ இருந்துகொண்டு ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, பேசக் கூடாது, திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மாடி அறையில்தான் நெட் ஒழுங்காக வரும் என்பதால் இருவரும் அங்கேதான் எழுதினோம். அவளுக்கு வெள்ளிக்கிழமை, எனக்குச் சனிக்கிழமை. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னேன். உள்ளே யாரும் வந்து என்னிடம் பேசக் கூடாது என்று அத்தையிடம் இரண்டு தரம் சொன்னேன். “எனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் எழுதி முடிக்கிறவரை அத்தை அடுக்களையை விட்டு அசையவில்லை. வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எனக்குக் கேள்விகள் வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டிருந்தன. கலவைப் பொருளுக்கு எப்படி எண் கொடுப்பது என்று ஒரு கேள்வி. எந்தச் சேர்மானம் அந்தப் பொருளுக்கு அதன் குணத்தைத் தருகிறதோ, அதை வைத்துக் கொடுக்க வேண்டும். சீனிக் கருப்பட்டியையே நேரில் பார்த்த மாதிரி இருந்தது. ஆகா, வசமாக மாட்டியது என்று விடையைத் தொடப் போனேன். தலையில் கை விழுந்தது.

“கிருபையுள்ள ஆண்டவரே, இந்த நேரத்துக்காக ஸ்தோத்திரம்...”

என் கண் மூடிக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மூடவில்லை, அது மூடிக்கொண்டது. தலையும் குனிந்துகொண்டது. அத்தையின் ஜெபம் சுருக்கமானது கிடையாது. என் புத்திக்காக, என் கைக்காக, கம்ப்யூட்டருக்காக, கரண்டு போகாமல் இருப்பதற்காக, கேள்வித்தாள் எடுத்தவர்களின் குடும்பத்துக்காக என்று சுற்றி வந்தது. முட்டு வலியோடு மாடி ஏறி வந்ததால் நடுவில் மூச்சு வாங்கியது. முடிந்ததும் நானும் சேர்ந்து ஆமென் என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் திரையில் கேள்விகள் இல்லை. அறையில் இன்னொருவர் இருப்பதாலும், தேர்வு எழுதுபவர் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டதாலும் தேர்வு நிறுத்தப்படுகிறது என்று ஒரு அறிவிப்பு நின்றது.

“அத்தை! பேசக் கூடாதுன்னு சொன்னேம்லா!” என்று கத்தினேன்.

“நான் உங்கிட்டயாளா பேசுனேன்? ஆண்டவர்கிட்டல்லா பேசுனேன்!”

கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். அது விடை சொல்லிக்கொடுத்தது அல்ல, ஜெபம் என்று விளக்கி மெயில் எழுதினேன். விதி விதிதான், அடுத்த சுற்றில் எழுதுங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அத்தைக்கு மனசு கேட்கவில்லை. எனக்குப் பிடித்த கூனி இறால் பொடியை வறுத்துக்கொண்டு வந்து தட்டில் வைத்தார். அவரை எப்படித் திட்டுவது? அந்தக் கோபமெல்லாம் எங்கே போகும்? அடுத்த அறையில் பாஸ் ஆகி உட்கார்ந்திருந்தவள் மேலே போனது.

அவள் பாஸ். நல்ல மார்க்கும்கூட.

கண்ணாடி அறையைத் திறந்து, கூட்டி, ஏ.சி.யைச் சரி பண்ணி அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். நான் அடித்த தாள்களை நானே எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பேரில் வரும் ‘க’வை ஒழுங்காகப் போட வராமல் சுழித்து வைக்கிற ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பில் பதவி. சான்றிதழைச் சட்டம் போட்டு அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்தார் அண்ணாச்சி. வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடியில் என் முகமும் உள்ளே அந்தச் சட்டமும் ஒன்றாகத் தெரியும். நான் என் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

“யக்கா, உள்ள வந்து உக்காந்து அடிங்களேன். குளுகுளுன்னு இருக்கு.”

“எனக்கு வேர்வைதான் பிடிக்கும்” என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று இருந்தது எனக்கு. அவள் புதுச் செருப்பு வாங்கினால் அதுவும் உறுத்தியது. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கொழுந்தன் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருந்தான். மனைவி பன்னாட்டு வணிகத் தேர்வில் தேறியதற்காக என்று போதகர் ஐயர் மைக்கில் வாசித்தார். சபையில் பாதித் தலை திரும்பியது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் ஒரு ரிட்டயர்டு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் எழுதுனேன்னாவளே?” என்று கேட்டார். அந்த டீச்சர் நல்லா இருக்கட்டும்.

எனக்குள் ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. கெட்டிக்காரி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் போட்டிருப்பேன். சொல்லவில்லை. பிறந்த வீட்டில் அத்தனை பாடுபட்டு வந்தவளுக்குப் பிழைக்கத் தெரியாமலா இருக்கும்?

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அத்தையிடமே கேட்டுவிட்டேன். “எனக்கு மட்டும் மாடி ஏறி வந்தியளே, அவளுக்கு மட்டும் ஏன் போவல?”

“அது வேற சாமி கும்புடுத வீட்டுப் பிள்ள. நான் பாட்டுக்குக் கைய வச்சிட்டா, இந்தா மதம் மாத்தப் பாக்காவன்னு அவ ஆத்தா நெனச்சிருவால்லா? அந்தப் பிள்ளைக்கும் சங்கடம். எனக்கு ஆசை இல்லாமலா இருக்கு?” என்றார். பிறகு கீரைத் தண்டைத் தனியாக ஒதுக்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்தப் பதிலில் ஒரு சந்தோஷம். அத்தையின் கை எனக்கு மட்டும்தான் என்று ஆயிற்று. பரீட்சையைக் கெடுத்த கைதான், இருந்தாலும் என்னுடையது.

பிறகு ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வரும் வழியில் பஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி மக்கர். கீழே தாமிரபரணியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. அன்றைக்குத்தான் ஒரு தாளில் நான் விட்ட பிழையை அவள் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். பிழை என்னுடையதுதான். அதனால் இன்னும் ஆத்திரம். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள்.

“நீ கதவுக்குக் கொண்டியப் போட்டுட்டு எழுதுனேல்லா? அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒனக்கு என்ன கொறைஞ்சி போயிருக்கும்?” என்றேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“கொண்டி போடலக்கா” என்றாள்.

“பொய் சொல்லாத.”

“எங்க அம்மா மேல சத்தியமா போடல. கதவச் சும்மா சாத்தி வச்சிருந்தேன்.” ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அத்தை வருவாவன்னு நெனச்சேன். படிக்கட்டுல சத்தம் கேக்கான்னு காத வச்சிக்கிட்டேதான் எழுதுனேன்.”

“வந்தா ஒம் பரீட்ச போயிருக்குமேட்டி, கூறு கெட்டவளே!”

“போனா போவுது.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இந்த வீட்டுக்கு வந்து மூணு வருசம் ஆவுது. மிக்சிக்குக் கை வச்சாவ. சிலிண்டருக்கு வச்சாவ. எந்தலையில வைக்கலியேக்கா. அன்னைக்கு நீங்க கட்டில்ல கெடந்து அழுதுக்கிட்டு இருந்தியளா, நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒங்க மேல அவ்வளவு பொறாமையா இருந்துச்சு.”

இத்தனை மாதம் தகரத்துக்கு அடியில் வெந்து பொறாமைப்பட்டவள் நான். ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே சட்டம் போட்ட சான்றிதழோடு, இவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாளாம்! அதிலும் எனக்குப் போட்டியா என்று கோபம்தான் வந்தது.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் ஒதுங்கி நிற்பது உன் அம்மாவுக்குப் பயந்துதான், மற்றபடி ஆசைதான் என்று சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்குப் போய் அத்தையிடம், அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். இரண்டையும் சொல்லவில்லை. நாற்காலி அவளிடம் இருக்கிறது, மார்க் அவளிடம் இருக்கிறது, ஜன்னல் சீட்டும் அவளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் எதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? லாரியை ஓரமாகத் தள்ளினார்கள். பஸ் கிளம்பியது.

மறு தேர்வு மழைக்கு முன்னால் வந்தது. இந்தத் தரம் பாஸ் ஆனால் நாற்காலி எனக்கு, அவள் தகரத்துக்கு அடியில் என் மேசைக்கு வர வேண்டும். அண்ணாச்சி சொன்ன சொல்லை அவளும் கேட்டவள்தான். ஆனாலும் முந்தின நாள் அவளே வந்து, “நான் வாசல்ல காவலுக்கு இருக்கேன்க்கா. அத்தைய உள்ள விடமாட்டேன். நீங்க நிம்மதியா எழுதுங்க” என்றாள். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டு, அதற்கு மேல் ஒரு ஸ்டூலையும் முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கேள்விகள் வேறு. ஆனால் கலவைப் பொருள் திரும்பவும் வந்தது. அந்த இடம் வந்ததும் என் உச்சந்தலை கூசியது. கை விழவில்லை. விடையைத் தொட்டேன், அடுத்ததற்குப் போனேன். வெளியே படிக்கட்டில் அத்தையின் கால் சத்தம் கேட்டது, பிறகு தணிந்த குரலில் ஏதோ பேச்சு. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே நடந்ததை அவள் எனக்குப் பிறகு சொன்னாள். அத்தைக்குக் கீழே இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போக மாட்டேன், கதவில் கை வைத்தாவது ஜெபித்துவிட்டுப் போகிறேன் என்று ஏறி வந்திருக்கிறார். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த இவள், “சத்தம் உள்ள கேட்டா அக்காவுக்குப் பரீட்ச போயிரும் அத்தை. பைய எந்தலையில கை வச்சு அக்காவுக்கு ஜெபிங்க” என்றாளாம். அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். “ஒனக்குப் பரவாயில்லியாட்டி?” என்று கேட்டாராம். இவள் தலையைத் தாழ்த்திக் கொடுத்தாளாம்.

எழுதி முடித்ததும் திரையில் முடிவு வந்தது. பாஸ். நான் ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். கடைசிப் படியில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை முட்டு வலியோடு நின்றபடி அவள் உச்சந்தலையில் கையை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு நடுவே யாரும் பேசக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எனக்காக ஆரம்பித்த ஜெபம்தான் அது. “உள்ள எழுதிக்கிட்டு இருக்க எம் பிள்ளைக்கு” என்று ஒரு வரி காதில் விழுந்தது. ஆனால் அத்தோடு என் பங்கு முடிந்துவிட்டது. “இங்கன காவலுக்கு உக்காந்திருக்க இந்தப் பிள்ளைக்கு” என்று ஆரம்பித்த அத்தை அவள் அம்மாவுக்காக, அவர்கள் வயலுக்காக, மழைக்காக, அவள் பேருக்காக, அவள் வேலைக்காக, திங்கட்கிழமை நாற்காலி கை மாறினாலும் அவள் மனசு நோகாமல் இருப்பதற்காக என்று போய்க்கொண்டே இருந்தார். என் மிக்சிக்குக்கூட இவ்வளவு நீளமாக ஜெபித்ததில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வழியாக ஆமென் வந்தது.

“அத்தை, நான் பாஸ்” என்றேன்.

“ஸ்தோத்திரம்” என்றார் அத்தை. அவள் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.